‘வா’ எப்படி ‘வராதே’ ஆகிறது? எதிர்மறை ஏவலைக் கற்பிக்க ஓர் எளிய வழி

வகுப்பறையில் ஒரு நாளில் நாம் அதிகம் பயன்படுத்தும் வினைமுற்று எதுவாக இருக்கும்? ‘பேசாதே’, ‘ஓடாதே’, ‘அடிக்காதே’, ‘திரும்பிப் பார்க்காதே’ என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொடங்கி மாலை மணி அடிக்கும் வரை நாம் சொல்பவற்றில் பெரும்பகுதி எதிர்மறை ஏவலே. குழந்தைகளும் தங்களுக்குள் அதையே சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சில் அவர்களுக்கு இதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. எழுதச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடுகிறது.

வ. புதுப்பட்டியில் ஆறாம் வகுப்பு ஏடுகளைத் திருத்தும்போது ஆண்டுதோறும் நான் காணும் வடிவங்கள் சில: ‘வாதே’, ‘வாவாதே’, ‘நில்காதே’, ‘எடாதே’, ‘கேளுக்காதே’. இவற்றைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போக என்னால் முடிவதில்லை. ஏனென்றால், இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் குழந்தை தானே கண்டுபிடித்த விதி ஒன்று இருக்கிறது. ‘ஓடு’ என்றால் ‘ஓடாதே’. ‘பேசு’ என்றால் ‘பேசாதே’. இறுதியில் உள்ள உகரத்தை எடுத்துவிட்டு ‘ஆதே’ சேர்த்தால் போதும் என்று அது முடிவு செய்கிறது. அதே விதியை ‘எடு’ என்ற சொல்லுக்குப் போட்டால் ‘எடாதே’ என்றுதானே வரும்? குழந்தையின் தருக்கம் சரி. தொடங்கிய இடம்தான் தவறு.

எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏவலிலிருந்து தொடங்கினால் ஏன் சிக்கல்?

‘விடு, தொடு, எடு, கொடு’ என்ற நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். நான்கும் ஒரே ஓசையில் முடிகின்றன. எதிர்மறையாக்கினால் இரண்டு இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன.

விடு – விடாதே
தொடு – தொடாதே
எடு – எடுக்காதே
கொடு – கொடுக்காதே

அடுத்து, ‘சொல், செல், நில், வில்’. எல்லாம் லகர மெய்யில் முடிகின்றன. ஆனால், ‘சொல்லாதே, செல்லாதே’ என்று இரண்டும், ‘நிற்காதே, விற்காதே’ என்று இரண்டும் போகின்றன. ‘கொள்’ என்பது ‘கொள்ளாதே’ ஆகிறது. ‘கேள்’ என்பது ‘கேட்காதே’ ஆகிறது.

ஏவல் வடிவத்தைப் பார்த்து எதிர்மறை எப்படி வரும் என்று ஊகிக்க வழியில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் இலக்கண நூலார் வினைப்பகுதிகள் பலவகைப்பட்டவை என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஏவல் வடிவில் நிற்கும் வினைப்பகுதிகளை 23 வாய்பாடுகளாக வகுத்துக் காட்டினார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவை ‘நட’, ‘வா’ என்ற இரண்டும். நம் குழந்தைகள் தடுமாறும் இடங்களுக்கு இவ்விரண்டுமே நல்ல சான்றுகள். ‘நட’ என்பது ‘க்க்’ பெற்று ‘நடக்காதே’ ஆகிறது. ‘வா’ என்பதோ தன் நெட்டெழுத்தையே இழந்து ‘வராதே’ ஆகிறது.

‘வேண்டும்’ என்னும் திறவுகோல்

இனி, அதே சொற்களோடு ‘வேண்டும்’ என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தை யோசிக்காமல் சொல்லும்: வர வேண்டும், விட வேண்டும், எடுக்க வேண்டும், நிற்க வேண்டும், கேட்க வேண்டும். இதில் பிழை வருவது மிக அரிது. ‘வரணும், எடுக்கணும், போகணும்’ என்று நாள் முழுவதும் பேசுகிற குழந்தைக்கு இந்த வடிவம் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று நாம் உயர்நிலை வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இந்த எச்சம் எப்போதும் அகரத்தில் முடியும். அந்த அகரத்தை நீக்கி, ‘ஆதே’ சேர்த்தால் எதிர்மறை ஏவல் கிடைத்துவிடும்.

வர – வராதே
தர – தராதே
போக – போகாதே
நடக்க – நடக்காதே
எடுக்க – எடுக்காதே
தொட – தொடாதே
நிற்க – நிற்காதே
கேட்க – கேட்காதே
விழ – விழாதே
உண்ண – உண்ணாதே

இக்கால உரைநடையில் வழங்கும் வினைகளில் நான் சோதித்துப் பார்த்த எல்லாவற்றுக்கும் இது பொருந்துகிறது. ஓரெழுத்து வினைகளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. ‘போ, சா, நோ, வே’ ஆகியவை ககரம் பெறுகின்றன: போகாதே, சாகாதே, நோகாதே, வேகாதே. ‘வா, தா’ இரண்டும் குறுகி ரகரம் பெறுகின்றன: வராதே, தராதே. ‘வை, தை’ இரண்டும் ககரம் இரட்டித்து வருகின்றன: வைக்காதே, தைக்காதே. இவற்றைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை. ‘வேண்டும்’ சேர்த்துச் சொல்லும்போதே அந்த மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. தடையைச் சொல்லத் தமிழில் மூன்று வழக்கமான முறைகள் உள்ளன: வராதே, வர வேண்டாம், வரக்கூடாது. மூன்றுக்கும் அடிப்படை ‘வர’ என்ற ஒரே எச்சம்தான். முதலாவது நேரடி ஆணை; இரண்டாவது மென்மையானது; மூன்றாவது எல்லோருக்குமான ஒழுங்கைச் சொல்வது. ஒன்றைப் பிடித்துக்கொண்ட குழந்தை மூன்றையும் எழுதிவிடும்.

ஒரு மெய்யெழுத்து, வேறு பொருள்

‘க்க்’ வருகிறதா, இல்லையா என்பது எழுத்துப்பிழை தொடர்பான செய்தி மட்டும் அன்று. அது பொருளையே மாற்றும்.

‘பூவைத் தொடாதே’ என்பதும் சரி. ‘பூவைத் தொடுக்காதே’ என்பதும் சரி. முன்னது கை வைக்க வேண்டாம் என்கிறது. பின்னது மாலையாகக் கட்ட வேண்டாம் என்கிறது. ‘வை’ என்ற சொல் ‘வைக்காதே’ என வந்தால் ஓரிடத்தில் வைப்பதைத் தடுக்கிறது; ‘வையாதே’ என வந்தால் திட்டுவதைத் தடுக்கிறது. ‘படு’ என்பது ‘படுக்காதே’ என்றும் வரும். ‘கவலைப்படாதே’ என்றும் வரும்.

தன்வினை, பிறவினை பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் அனுபவம்.

நனையாதே (நீ) – நனைக்காதே (பிறவற்றை)
மறையாதே – மறைக்காதே
சேராதே – சேர்க்காதே
ஓடாதே – ஓட்டாதே
ஏறாதே – ஏற்றாதே
திரும்பாதே – திருப்பாதே

‘மழையில் நனையாதே, புத்தகத்தையும் நனைக்காதே’ என்று ஒரே தொடரில் இரண்டையும் சொன்னால், தன்வினைக்கும் பிறவினைக்கும் தனி வரையறை எழுதிப்போட வேண்டிய தேவையே பல நேரங்களில் எழுவதில்லை.

மேல்வகுப்பில் ஒரு புதிராகவும் கேட்கலாம். ‘இறக்காதே’ என்ற சொல்லுக்கு எத்தனை பகுதிகள் இருக்க முடியும்? ‘இற’ (உயிர் விடு) என்பதிலிருந்தும் வரும். ‘இறக்கு’ (கீழே இறக்கி வை) என்பதிலிருந்தும் வரும். இரண்டுக்கும் எச்சம் ‘இறக்க’ என்பதுதான்.

வீட்டு மொழி வேறாக இருக்கும்போது

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. அக்குழந்தைகள் தெருவில் தமிழும் வீட்டில் தெலுங்கும் பேசி வளர்கிறார்கள். தெலுங்கில் ‘வா’ என்பதற்கு ‘ரா’; ‘வராதே’ என்பதற்கு ‘ராவத்து’ என்பதுபோல் ஒலிப்பார்கள். ‘ரா’ அப்படியே நிற்க, ‘வேண்டாம்’ என்னும் பொருள் தரும் சொல் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ‘போ’ என்பதும் அப்படியே, ‘போவத்து’ என்றாகும். அங்கே ஏவல் வடிவம் குலையாமல் எதிர்மறைக்குள்ளும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு குழந்தை ‘வாவேண்டாம்’ என்றோ ‘வாவாதே’ என்றோ எழுதினால், அது இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது என்று பொருள்.

என் வகுப்பில் அப்படி ஒரு மாணவி இருந்தாள். பள்ளி நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதச் சொன்னபோது, ‘சத்தம் கூடாது’, ‘ஓட்டம் கூடாது’, ‘கிழிசல் கூடாது’ என்று எழுதியிருந்தாள். எல்லாம் பெயர்ச்சொற்கள். வினைச்சொல்லே வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால், பிழைக்கு அஞ்சி எழுத வேண்டியதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ‘வேண்டும்’ வழியைக் காட்டிய பிறகு அவள் எழுதிய வரி, ‘புத்தகத்தின் ஓரத்தை மடிக்காதே’ என்பது. பிழையைச் சுழிப்பதற்கும் வழியைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். காரணம் சொல்லாமல் தவறு என்று மட்டும் சொல்லும்போது, இந்த மொழி தனக்கு வராது என்று குழந்தை முடிவு செய்துவிடக்கூடும்.

எதிர்மறை ஏவலில் சொல்லின் உருவம் மாறுவது தமிழுக்கு மட்டும் உரிய தொல்லையும் அன்று. ஸ்பானிய மொழியில் ‘வா’ என்பதற்கு ‘வென்’. ‘வராதே’ என்பதற்கு ‘நோ வெங்காஸ்’. ‘தூங்கு’ என்பதற்கு ‘துவெர்மே’. ‘தூங்காதே’ என்பதற்கு ‘நோ துவெர்மாஸ்’. ‘தூங்க வேண்டாம் நாம்’ என்று தன்னையும் சேர்த்துச் சொன்னால் உள்ளே இருக்கும் உயிரொலி மாறி, ‘நோ துர்மாமோஸ்’ ஆகிவிடும். அம்மொழியைக் கற்பிப்பவர்கள் மாணவரை ஏவலிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. ‘நான் தூங்குகிறேன்’ எனப் பொருள்படும் ‘துவெர்மோ’ என்ற வடிவத்தை எடுத்து, இறுதி ஓகாரத்தை நீக்கி, வேறு விகுதி சேர்க்கச் சொல்கிறார்கள். ‘நான் வருகிறேன்’ என்பது ‘வெங்கோ’. அதிலிருந்துதான் ‘வெங்காஸ்’ வருகிறது. அவர்களுக்கு ‘நான்’ வடிவம் திறவுகோல். நமக்கு ‘வேண்டும்’ வடிவம் திறவுகோல். மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த, மாற்றம் முடிந்த வடிவத்திலிருந்து தொடங்குவது என்ற முறை இரண்டுக்கும் பொது.

செய்யுளில் வரும் பழைய வடிவங்கள்

‘வேண்டும்’ வழியைக் கற்பித்த பிறகு ஒரு நல்ல கேள்வி வரும். “ஐயா, பாட்டில் ‘மறவாதே’ என்று வருகிறதே, ‘மறக்காதே’ என்றுதானே வர வேண்டும்?”

இரண்டும் சரியே. பழந்தமிழில் எதிர்மறை ஆகாரம் பகுதியோடு நேரே சேர்ந்தது: மறவாதே, நடவாதே, கேளாதே, நில்லாதே, இராதே. காலப்போக்கில் ‘க்க்’ முதலியவை எதிர்மறையிலும் பரவி, ‘மறக்காதே, நடக்காதே, கேட்காதே, நிற்காதே, இருக்காதே’ என்பன உரைநடையில் நிலைத்தன. செய்யுளிலும் மேடைப் பேச்சிலும் பழைய வடிவங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே, விடைத்தாளில் ‘கேளாதே’ என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. குழந்தைக்கு எடுத்துச்சொல்ல ஒரு வரி போதும்: ‘வேண்டும்’ வழியில் வருவது இன்றைய வடிவம், பகுதியோடு நேரே சேர்வது பழைய வடிவம்.

அதற்கும் முந்தைய அடுக்குகள் நம் அறநூல்களில் உள்ளன. ஔவையாரின் ஆத்திசூடி ‘ஏல்’ விகுதியைப் பயன்படுத்துகிறது. ‘ஓடேல்’ என்றால் ‘ஓடாதே’ என்று பொருள். பாரதியாரும் தம் புதிய ஆத்திசூடியில் அந்த விகுதியைக் கையாண்டார். திருக்குறளில் ‘செய்யற்க’ என்பது போன்ற எதிர்மறை வியங்கோள்களைக் காண்கிறோம். உலகநாதர் இயற்றிய உலகநீதியோ ‘வேண்டாம்’ என்ற சொல்லை அடிதோறும் அமைத்துச் செல்கிறது. திண்ணைப் பள்ளிக் குழந்தைகள் ஆத்திசூடியையும் உலகநீதியையும் அடுத்தடுத்து ஓதியபோது, தடை சொல்லும் இரு முறைகளையும் சேர்த்தே கற்றார்கள்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு வரும் வழியில்

இந்த வழியில் போகும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, பேச்சில் ‘நிக்கணும், கேக்கணும், விக்கணும்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் ‘நிக்காதே’, ‘கேக்காதே’ என்று எழுதிவிடுவார்கள். பகுதியின் இறுதி எழுத்தை நினைவூட்டினால் போதும். ககரம் வரும்போது ‘ல்’ என்பது ‘ற்’ ஆகும்: நில் – நிற்க. ‘ள்’ என்பது ‘ட்’ ஆகும்: கேள் – கேட்க.

இரண்டாவது, பேச்சில் ‘வெளியே போகாத’ என்று ஏகாரம் தேய்ந்து ஒலிக்கும். அப்படியே எழுதினால் அது ஏவல் அன்று. ‘போகாத பேருந்து’, ‘வராத பையன்’ என்பதுபோல் எதிர்மறைப் பெயரெச்சம் ஆகிவிடும்.

மூன்றாவது, ‘-ஆதே’ என்று முடிவதெல்லாம் ஏவல் ஆகிவிடாது. ‘இந்தப் பேருந்து புதுப்பட்டிக்கு வராதே!’ என்று ஒருவர் சொன்னால் அவர் பேருந்துக்குக் கட்டளை இடவில்லை. அது ‘வராது’ என்பதோடு ஏகாரம் சேர்ந்த வடிவம். இடத்தைக்கொண்டே பொருள் கொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நான்காவது, பன்மையும் மரியாதையும். ‘நீ’ என்பதற்கு ‘வராதே’. ‘நீங்கள்’ என்பதற்கு ‘வராதீர்கள்’. பொது இடங்களில் உள்ள பலகைகளில் ‘கொட்டாதிர்கள்’ என்று குறிலாக எழுதியிருப்பதை நாம் பார்க்கிறோம். ‘ஈர்கள்’ என்ற விகுதியை நீட்டி உச்சரிக்கப் பழக்கினால் எழுத்திலும் அது ‘கொட்டாதீர்கள்’ என்று நெடிலாகவே வரும். ‘வராதீங்கள்’ என்பது பேச்சும் எழுத்தும் கலந்த வடிவம். அதையும் திருத்த வேண்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும்போது இதே சொற்களைப் பிரித்துக் காட்டலாம். செய்யாதே: செய் + ய் + ஆ + த் + ஏ. செய் – பகுதி. ய் – சந்தி. ஆ – எதிர்மறை இடைநிலை. த் – எழுத்துப்பேறு. ஏ – முன்னிலை ஒருமை ஏவல் வினைமுற்று விகுதி. வராதே: வா(வர்) + ஆ + த் + ஏ; இதில் ‘வா’ என்பது ‘வர்’ எனத் திரிந்தது விகாரம். இந்த ‘விகாரம்’ என்ற சொல் மாணவருக்கு வெறும் மனப்பாடமாக நின்றுவிடாமல், ‘வர வேண்டும்’ என்று தான் அன்றாடம் சொல்லும் சொல்லில் நடப்பதுதான் என்று புரியும்.

வகுப்பில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளுக்கு ‘வேண்டும் சங்கிலி’ என்ற விளையாட்டை நான் பயன்படுத்துகிறேன். பத்து நிமிடம் போதும். எந்தப் பொருளும் தேவையில்லை. ஐந்து ஐந்து பேராக வரிசையில் நிற்க வைக்க வேண்டும். முதல் குழந்தை ஒரு வினையை ஏவலாகச் சொல்லும்: ‘எடு’. அடுத்தவர் ‘எடுக்க வேண்டும்’ என்பார். மூன்றாமவர் ‘எடுக்க வேண்டாம்’, நான்காமவர் ‘எடுக்காதே’, ஐந்தாமவர் ‘எடுக்காதீர்கள்’. பிறகு முதலில் நின்றவர் கடைசிக்குப் போக, அடுத்த வினை தொடங்கும். வாயால் நான்கைந்து சுற்று முடிந்ததும் அதையே அட்டவணையாக ஏட்டில் எழுதச் சொல்லலாம்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு எச்சரிக்கைப் பலகை எழுதும் செயல்பாடு பொருந்தும். ஒவ்வொரு குழுவுக்கும் நம் சுற்றுப்புறத்தில் ஓரிடத்தைக் கொடுக்கலாம். பிளவக்கல் அணைப் பகுதிக்கு: ‘ஆழமான நீரில் இறங்காதீர்கள், குழந்தைகளைத் தனியே இறக்காதீர்கள்’. சதுரகிரி மலைக்குச் செல்லும் தாணிப்பாறை வழிக்கு: ‘காட்டில் தீ மூட்டாதீர்கள்; நெகிழிப் பைகளைக் கொண்டுவராதீர்கள்’. அந்த மலைப்பகுதி 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது என்பதையும் அப்போது சொல்லலாம். பட்டாசுத் தொழில் நடக்கும் நம் விருதுநகர் மாவட்டத்தில் மூன்றாவது பலகைக்குத் தலைப்பு தேட வேண்டியதில்லை: ‘வெடிக்காத பட்டாசைக் கையில் எடுக்காதே, அதன்மேல் குனியாதே’. இந்த ஒரு தொடரிலேயே பெயரெச்சமும் ஏவலும் அருகருகே நிற்பதை மாணவர்களைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யலாம்.

எழுதி முடித்த பலகைகளைக் குழுக்கள் மாற்றிக்கொண்டு இரண்டு கேள்விகளால் திருத்தட்டும். ‘வேண்டும்’ சேர்த்தால் இந்த வினை எப்படி வரும்? படிப்பவர் தாமே செய்வதைத் தடுக்கிறதா, பிறவற்றைச் செய்விப்பதைத் தடுக்கிறதா? எச்சரிக்கைப் பலகையில் ஒரு மெய்யெழுத்து தவறினால் எதைச் செய்யக் கூடாது என்பதே மாறிவிடும் என்பதால், மாணவர்கள் இந்தத் திருத்தத்தை மதிப்பெண்ணுக்காகச் செய்வதில்லை, அக்கறையோடு செய்கிறார்கள்.

இலக்கணத்தைத் தனக்கு வெளியே இருக்கும் ஒன்றாகக் குழந்தை நினைக்கும் வரை அது சுமைதான். ‘வரணும்’ என்று வீட்டிலும் தெருவிலும் தான் சொல்லிவந்த சொல்லுக்குள்ளேயே ‘வராதே’ இருக்கிறது என்று காட்டிவிட்டால், அடுத்த வினையை அது நம்மிடம் கேட்காது. தானே சொல்லிப் பார்த்து எழுதிக்கொள்ளும்.